அவள் பாடாத அடி

மூன்றாவது சரணத்தின் மூன்றாவது அடியை அடித்து முடித்ததும் ஐயம்பெருமாளின் விரல்கள் தட்டச்சுப் பொறியின் மேலேயே நின்றுவிட்டன. மணி இரண்டு பத்து. நான்கு மணிக்குத் தபால் ஜீப் புறப்படும். அதற்குள் நேற்று மாலை உப்பளத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது, பாடியது அத்தனையும் மூன்று பிரதியாக, அடியில் அவருடைய கையெழுத்தோடு, இன்ஸ்பெக்டர் கிருபாகரனின் மேசைக்குப் போயிருக்க வேண்டும். பாட்டில் இன்னும் ஒரே ஓர் அடிதான் பாக்கி. இரண்டே சொல். குறிப்பேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், கீழிருந்து இரண்டாவது கோட்டில், அது இருக்கிறது. அவருடைய கைதான், அவருடைய பென்சில்தான், வளைவும் புள்ளியும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. நெருப்பாவது பேசட்டும். ஆனால் பக்கத்தில் வட்டம் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இல்லை. முதல் சரணத்தின் நாலாவது அடிக்குப் பக்கத்தில் சின்ன வட்டம் இருக்கிறது; இரண்டாவதற்கும் இருக்கிறது. வட்டம் என்றால் கூட்டம் அந்த அடியைத் திரும்பப் பாடியது என்று பொருள். அது அவரே வைத்துக்கொண்ட அடையாளம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் வட்டம் போட மறந்ததில்லை. அப்படியானால் கூட்டம் இந்த அடியைத் திரும்பப் பாடவில்லை. ஏன் பாடவில்லை? மேலே ஓடிய மின்விசிறி தாளின் நுனியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஏன் பாடவில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

கூட்டம் நடக்கும் இடத்துக்குப் போய், மேடைக்கு அருகில் மேசை போட்டு உட்கார்ந்து, சொன்னதைச் சொன்னபடி சுருக்கெழுத்தில் எடுத்துவருவது போலீஸ் தனிப்பிரிவில் அவருடைய வேலை. சீருடை கிடையாது. ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பேச வருகிறவர்கள் கும்பிடுவார்கள், சிலர் சோடா அனுப்புவார்கள், சிலர் அவரைப் பார்த்துக்கொண்டே, "எழுதிக்கிடும், நல்லா எழுதிக்கிடும்" என்று மைக்கில் சத்தம் போடுவார்கள். அவர் எழுதிக்கொள்வார். இவ்வளவு வருடத்தில் அவர் கைக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. பேச்சாளன் வாக்கியத்தைத் தொடங்கும்போதே அது எங்கே போய் முடியும் என்று கைக்குத் தெரிந்துவிடும். 'இந்த மாபெரும் கூட்டத்தை' என்று அவன் மூச்சு வாங்கும்போது கை 'ஏற்பாடு செய்த தோழர்களுக்கு' என்பதை எழுதி முடித்துவிட்டுச் சும்மா காத்திருக்கும். எல்லாச் சுருக்கெழுத்தர்களுக்கும் இது உண்டு. வெளியில் சொல்லமாட்டார்கள். முந்தி எழுதினால்தான் பிந்தாமல் இருக்கலாம். பேச்சாளன் வேறு மாதிரி முடித்தால் ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு மேலே எழுதவேண்டும், அதற்கும் நேரம் இருக்கும். நேற்று அடிக்கவில்லை. அடித்திருக்க வேண்டிய இடத்தில் கோடு இல்லை, போட்டிருக்க வேண்டிய இடத்தில் வட்டம் இல்லை. இரண்டும் இல்லாமல் அந்த இரண்டு சொல் மட்டும் யாருடையது என்று தெரியாத குழந்தை மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அவர் எழுந்து தண்ணீர் குடித்தார். பானைத் தண்ணீர் உப்புக் கரித்தது. இந்த ஊரில் எல்லாத் தண்ணீரும் கரிக்கும்.

நேற்று சாயங்காலம் ஜெபக்கனி மேடைக்கு வந்தபோது கையில் உப்பு சுமக்கும் இரும்புச் சட்டி இருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் முகம் கறுத்து, கண் ஓரம் மட்டும் சிவந்து, பார்த்தால் அழுதுவிட்டு வந்தவள் மாதிரி. ஆனால் பேசத் தொடங்கியதும் சிரிப்புத்தான். சட்டியைக் கவிழ்த்துப் பிடித்து இரண்டு தட்டு தட்டிவிட்டு, நேராக இவருடைய மேசையைப் பார்த்தாள். "அண்ணாச்சி, பென்சில் சீவியாச்சா?" கூட்டம் சிரித்தது. "நான் பேச்சுக்காரி இல்ல, பாட்டுக்காரி. மெதுவாப் படிக்கேன். விட்டுப்போச்சுன்னா கையத் தூக்குங்க, மறுக்கப் படிக்கேன். எங்க பாட்டு கவர்மெண்டுக்குத் தப்பாப் போயிரக்கூடாது பாத்துக்கிடுங்க." அவர் தலையைத் தூக்காமல் எழுதினார். இதையும் எழுதவேண்டும். "ஒரு சந்தேகம் அண்ணாச்சி. நீங்க எழுதுத அந்தக் கோழிக்கிறுக்கல எங்க மேஸ்திரி படிச்சாருன்னா அவருக்கு வெளங்குமா?" பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், "அவருக்குத் தமிழே வெளங்காது, நீ படி" என்றது. மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் பாடத் தொடங்கிவிட்டாள். பாத்தி பூத்தது வெள்ளையா, பாதம் வெடிச்சது செவப்பா, பாத்துப் போனவன் பேசல, பாட்டாவது பேசட்டும். நாலாவது அடியை நானூறு பேர் திரும்பப் பாடினார்கள். வட்டம். கண்ணுல உப்பு கரிக்குது, கையில உப்பு உரிக்குது, கஞ்சியில் போட உப்பில்ல, காத்தாவது பேசட்டும். வட்டம். அவருடைய பென்சில் எந்தச் சிரமமும் இல்லாமல் ஓடியது. பாட்டு அப்படித்தான். பேச்சை மறுக்கலாம், பேசுகிறவன் வாயை மூடியதும் அது அவனோடு போய்விடும். பாட்டு மூடின வாய்க்குள்ளும் நடந்துகொண்டிருக்கும். முதல் சரணம் வழியைக் காட்டியது, இரண்டாவது வழியைப் பழக்கியது. மூன்றாவது வந்தபோது எல்லோரும் தாங்களாகவே நடந்தார்கள். நெழலு கேட்டோம், நோட்டீசு. தண்ணி கேட்டோம், போலீசு. நெஞ்சுக்குள்ள ஒரு சேதி. சட்டியில் ஒரு தட்டு. அதோடு அவள் நிறுத்திவிட்டாள்.

நிறுத்தினாள் என்பது இப்போதுதான் அவருக்குத் துல்லியமாகக் கேட்டது. நேற்று கேட்டிருந்தும் கேட்காமல் போன நிசப்தம் இப்போது, இந்த மத்தியான வெக்கையில், தட்டச்சுப் பொறிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றது. அவள் கையை மேலே தூக்கியிருந்தாள். யாரோ ஒரு குழந்தை இருமியது. மைக்செட் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, ஆனால் எல்லோருடைய உதடும் ஏதோ ஒன்றுக்குக் குவிந்திருந்தது. பிறகு ஜெபக்கனி கையை இறக்கி, "அது உங்களுக்கு. வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். குறிப்பேட்டில் அதுவும் இருக்கிறது. நாற்பத்தொன்றாம் பக்கம், கடைசிக் கோடு: அது உங்களுக்கு, வீட்டுக்குக் கொண்டு போங்க. காலையில் அதைப் படித்தபோது, 'பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்' என்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். எவ்வளவு எளிதாக நினைத்துக்கொண்டார்.

காலையில் படித்ததுதான் பெரிய தப்பு. கூட்டம் எட்டு மணிக்கு முடிந்தது. பத்து மணிக்கு உப்புக் கம்பெனியின் ஓலைக் கொட்டகை எரிந்தது. சாக்கும் ஓலையும்தான், ஆள் சேதம் இல்லை. யார் வைத்தது என்று தெரியாது. மின்சாரக் கம்பி உரசியிருக்கலாம் என்று தீயணைப்புக்காரர்கள் சொன்னார்கள். பிறகு சொன்னதை அவர்களே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். காலை எட்டரைக்கு இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு, தட்டச்சு அப்புறம் ஆகட்டும், குறிப்பைப் பார்த்து வாயால் படிங்க என்றார். ஐயம்பெருமாள் நின்றபடியே படித்தார். மூன்றாவது சரணம் வந்ததும் கிருபாகரன் கையை நீட்டித் தடுத்தார். "திரும்பப் படிங்க." படித்தார். "கடைசி வரி என்னது? என்ன பேசட்டும்?" "நெருப்பாவது, சார்." இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. ராத்திரி முழுக்க மேலிடத்திலிருந்து தொலைபேசியில் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம்கூட இல்லை, ஒரு ஆறுதல்தான். "போதும்யா. இந்த ஒரு வரி போதும். பாட்டு எட்டு மணிக்கு, தீ பத்து மணிக்கு. உங்க கையெழுத்து விழுந்ததும் அந்தப் பொம்பளையைத் தூக்கிடலாம். ஐயம்பெருமாள் எடுத்த குறிப்புன்னா கோர்ட்டில கேள்வியே கேக்க மாட்டாங்க. எத்தனை வருஷ சர்வீஸ்?" "இருபத்திரண்டு, சார்." "ஒரு தப்பு உண்டா?" "இல்லை, சார்." அந்த 'இல்லை, சார்' இப்போது திரும்பக் கேட்டது. சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். பொய் சொல்லியிருந்தால் எங்கே திருத்துவது என்றாவது தெரிந்திருக்கும்.

மூன்று மணி. பக்கத்து மேசையில் ஏட்டையா சுடலையாண்டி பழைய கோப்புகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். கட்டுகிற தாளத்தில் அவர் மூக்கிலிருந்து ஒரு மெட்டு வந்துகொண்டிருந்தது. ஐயம்பெருமாளுக்கு முதலில் அது தன் தலைக்குள் கேட்பதாகத்தான் பட்டது. "ஏட்டையா, என்ன பாட்டு அது?" "என்ன பாட்டு? நீர் காலையில படிச்சீரே, வெளியே கேட்டுது. சனியன், காதுல ஏறிட்டு இறங்க மாட்டேங்கு." சுடலையாண்டி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "மெட்டு தெரியாம எப்படிப் பாடுதீரு?" என்றார் ஐயம்பெருமாள். "மெட்டு அதுவா வருது வே. வார்த்தைதான் பாதி மறந்துபோச்சு. நோட்டீசு, போலீசு, நெஞ்சுக்குள்ள ஒரு சேதி..." நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். "நெத்தி வேர்வை பேசட்டும். அதானே?" ஐயம்பெருமாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். சுடலையாண்டிக்கு வருகிற தை மாதம் ஓய்வு. முப்பத்து மூன்று வருடமாகப் பந்தோபஸ்துக்கு வெயிலில் நின்ற மனிதர். காலையில் கதவுக்கு வெளியே நின்று நெருப்பு என்பதைக் காதால் கேட்டவர்தான். ஆனாலும் அவருக்குள்ளிருந்து வேர்வைதான் வந்தது. அதற்கு முன்பு, காலை ஏழு மணிக்கு, வீட்டில் உலகம்மாள். இவர் முகம் மழித்துக்கொண்டே மூன்று அடியை முணுமுணுத்திருக்கிறார், தெரியாமல். அடுப்படியிலிருந்து அவர் மனைவி தோசைக் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்து, "நெசமாவது பேசட்டும்" என்று முடித்தாள். "யாரு பாட்டு இது, நல்லாருக்கே" என்றாள். "ஆபீஸ் விஷயம்" என்று அவர் சொன்னார். உலகம்மாள் சிரித்தாள். "ஆபீஸ் விஷயமெல்லாம் இப்பம் பாட்டா வருதோ? பரவால்லியே. அப்படியாவது வீட்டுல ரெண்டு வார்த்தை வாயத் திறந்து சொல்லுதீங்களே." உலகம்மாளிடம் நிசம் இருந்தது, ஏட்டையாவிடம் வேர்வை இருந்தது. நானூறு பேர் நானூறு சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இவரிடம் நெருப்பு இருந்திருக்கிறது. எங்கே இருந்தது? மாதம் தவறாமல் ரேஷன் அட்டையைப் பார்த்து அடுக்கி வைக்கிறவர், தெருவில் இரண்டு பேர் சண்டை போட்டால் அடுத்த தெரு வழியாகப் போகிறவர், இவருக்குள்ளே எந்த இடத்தில்?

எந்த இடம் என்பதும் தெரியும். இன்றைக்கு எல்லாமே தெரிந்துதான் தொலைக்கிறது. இரண்டு கோடைக்கு முன்னால், இதே கம்பெனியின் உப்பளத்தில், வெயிலில் மயங்கி விழுந்து ஒரு கர்ப்பிணி செத்துப்போனாள். விசாரணைக்கு அதிகாரி போனபோது வாக்குமூலங்களை எழுத இவரைக் கூட்டிப்போனார்கள். கம்பெனி மேலாளர் சொன்னார், இவர் எழுதினார்: குடிதண்ணீர் வசதி இருந்தது. இறந்தவர் தண்ணீர் கேட்கவில்லை. மேலாளருக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் ஒரு தகரப் பீப்பாய் இருந்தது. அதன் மூடியில் ஒரு பூட்டு தொங்கியது. பித்தளைப் பூட்டு. காற்றுக்குத் தகரத்தில் மோதி டிங் டிங் என்று ஒலித்தது. அவர் பூட்டைப் பார்த்தார், குறிப்பேட்டைப் பார்த்தார், எழுதினார். சொன்னதைத்தான் எழுதவேண்டும். பூட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. யாரும் இவரைக் கேட்கவுமில்லை. அறிக்கை போனது, கோப்பு மூடியது, அவருடைய கையெழுத்து அதன் அடியில் அழகாக இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் எடுத்தார், குடித்து முடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அதை நினைத்ததில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். நேற்று அவள் 'தண்ணி கேட்டோம்' என்று பாடி, அடுத்த அடியையும் முடித்தபோது சட்டியில் விழுந்த தட்டு டிங் என்று கேட்டது. அவ்வளவுதான் நடந்திருக்க வேண்டும். பூட்டை எழுதாமல் வந்த கை நேற்று, யாரும் சொல்லாத ஒன்றை, முதல் தடவையாக, தானே எழுதியிருக்கிறது.

மூன்று இருபது. அடித்துவிடலாம். இரண்டு சொல், பத்து நொடி. அடித்துவிட்டால் குறிப்பேடும் தாளும் ஒத்துப்போகும், இன்ஸ்பெக்டர் காதால் கேட்டதும் ஒத்துப்போகும். உலகத்தில் எல்லாம் ஒத்துப்போகும், அந்த நானூறு பேரின் காதைத் தவிர. அவர்கள் காதை யார் கேட்கப் போகிறார்கள்? ஜெபக்கனி இந்நேரம் பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் ஜீப் வரும்போது காலில் உப்புத் தண்ணீர் காய்ந்திருக்காது. எத்தனை வருடம் போடுவார்கள்? தீ வைக்கத் தூண்டியது என்றால் நாலு, ஐந்து. சாட்சிக் கூண்டில் இவர்தான் நிற்கவேண்டும். அவள் எதிரில் நின்று, அண்ணாச்சி, நான் அதைப் பாடலையே என்பாளா? சொல்லமாட்டாள், பார்ப்பாள். அதுதான் தாங்காது. சரி, விட்டுவிடலாம். அடிக்காமல் விட்டால் இன்ஸ்பெக்டர், காலையில் படித்தீரே என்பார். தவறாகப் படித்தேன் சார். குறிப்பேட்டைக் கொண்டாரும் என்பார். பக்கத்துக்கு எண் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, கிழிக்க முடியாது. சுருக்கெழுத்து தெரிந்த இன்னொருவன் தலைமையிடத்தில் இருக்கிறான், அவன் ஒரே நிமிடத்தில் படித்துவிடுவான்: நெருப்பாவது பேசட்டும். எழுதியது நிசம். பாடாததும் நிசம். இன்னொரு பயம் அதற்கும் அடியில் கிடந்து நெளிந்தது. அந்தக் கூட்டத்தில் இவரைப் போலவே இன்னொருவனுக்கும் அந்த இடத்தில் நெருப்பு வந்திருந்தால்? அவன் வீட்டுக்குப் போகாமல் கொட்டகைக்குப் போயிருந்தால்? அப்போது அவள் பாடவில்லை என்று எப்படிச் சொல்வது? பாடாமலே பாடிவிட்டாள். மூன்று அடியை வைத்துவிட்டு நாலாவதற்கு ஆளை இழுத்து விட்டாள். அப்படியானால் உலகம்மாள்? அவளுக்கு வந்தது நிசம். ஏட்டையா போய் எதையாவது எரித்தாரா? நூல்தான் கட்டிக்கொண்டிருக்கிறார். ஒருவன் நெஞ்சில் கிடப்பதற்குப் பாட்டு பொறுப்பா? கிடந்தது என்று அவனுக்கே காட்டியதற்கு மட்டும் பொறுப்பு. அதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது. அவர் யோசித்து யோசித்து அதே பூட்டிடம் வந்து நின்றார். பித்தளைப் பூட்டு. டிங் டிங். அன்றைக்கு எழுதாததற்கும் இன்றைக்கு எழுதியதற்கும் ஒரே கைதான். அன்று அந்தக் கைக்காக வாய் பேசியிருக்க வேண்டும்.

"ஐயம்பெருமாள், ஆச்சா?" உள்ளறையிலிருந்து இன்ஸ்பெக்டரின் குரல். "அஞ்சு நிமிஷம், சார்." சுடலையாண்டி நிமிர்ந்து பார்த்தார். "என்ன வே, முகமெல்லாம் வேர்த்திருக்கு? சுகமில்லையா?" "ஒண்ணுமில்ல ஏட்டையா." தாளைப் பார்த்தார். தனிப்பிரிவின் தாளில் எப்போதும் இரண்டு பத்திகள். இடது ஓரம் குறுகல், அங்கே யார் என்பது. வலதுபுறம் அகலம், அங்கே என்ன என்பது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழே பாடகி, கூட்டம், பாடகி, கூட்டம் என்று மாறிமாறி வந்து, மூன்றாம் அடிக்கு நேரே பாடகி என்று நின்றிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஓரத்தில் தலைவர், செயலாளர், பாடகர், கூச்சல் போட்டவர், நடுவில் எழுந்து போன குடிகாரன் வரைக்கும் எல்லோருக்கும் இடம் கொடுத்திருக்கிறார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வலதுபுறம் அடித்தார்: (இங்கே பாடகி கை தூக்கி நிறுத்தினார். நாலாவது அடியைப் பாடவில்லை. கூட்டமும் பாடவில்லை.) கம்பிகள் தாளில் விழும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பிறகு ஒரு வரி இறக்கி, கைப்பிடியைத் தள்ளி, இடது ஓரத்துக்கு வந்தார். அங்கே ஒவ்வொரு எழுத்தாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல மெதுவாக, அடித்தார்: ஐயம்பெருமாள், சுருக்கெழுத்தர். வலதுபுறம்: நெருப்பாவது பேசட்டும். (குறிப்பேடு பக்கம் 41. இவ்வடி என் கை எழுதியது, என் காது கேட்டதல்ல.) அதற்குக் கீழே, அது உங்களுக்கு, வீட்டுக்குக் கொண்டு போங்க. கையெழுத்துப் போட்டார். மூன்று பிரதியிலும் போட்டார்.

இன்ஸ்பெக்டர் தாளை வாங்கி, பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கடைசிப் பக்கத்துக்கு நேராகப் போனார். அந்த ஒரு வரிக்கு அடிக்கோடு போடவேண்டும். அவர் உதடு அசைந்தது. நோட்டீசு, போலீசு, நெஞ்சுக்குள்ள ஒரு சேதி. மேசைக்கு அடியில் அவருடைய பூட்சு தரையை லேசாகத் தட்டியது, அவருக்கே தெரியாமல். பேனா முனை வலதுபுற வரியில் வந்து நின்றது. பிறகு அங்கிருந்து, தாளின் குறுக்கே, இடது ஓரத்துக்கு மெல்ல நகர்ந்தது. பூட்சு நின்றது. "இது யாருய்யா?" என்றார், பெயரைப் படித்த பிறகும். "நான்தான், சார்." "என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? வேலை போகும். வேலையோடவும் போகாது." "தெரியும், சார். இன்னொண்ணும் சொல்லணும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால உப்பளத்தில ஒரு பொம்பளை செத்துப்போச்சு, அந்த விசாரணை. அங்க ஒரு பீப்பாய் இருந்தது. பூட்டியிருந்தது. நான் பார்த்தேன். எழுதலை." கிருபாகரன் பேனாவை மூடினாரா இல்லையா என்பதை ஐயம்பெருமாள் பார்க்கவில்லை, அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெளியே தபால் ஜீப்பின் எஞ்சின் உறுமத் தொடங்கியது. இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல மூச்சு இழுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் யாருடைய அடுத்த வார்த்தையும் ஐயம்பெருமாளுக்கு இப்படித் தெரியாமல் போனதில்லை. ஐயம்பெருமாள் காத்திருந்தார். அவர் கை முந்தவில்லை. தொடையோரம் விரல்களை விரித்துக்கொண்டு சும்மா தொங்கியது.